மகேஸ்வரி என்று இரண்டு பேர்

அந்தமானின் போர்ட் பிளேரில், மின்னி பே என்ற இடத்தில், கடலைப் பார்த்த ஒரு மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. அங்கே ஒரு காலையில் என் கணினித் திரையில் அந்தச் சிறிய பெட்டி முதன்முதலாக வந்து நின்றதை இப்போதும் என்னால் அப்படியே பார்க்க முடிகிறது. ஒரு நோயாளியின் எக்செல் கோப்பைத் திறக்கச் சொடுக்கியிருந்தேன். கோப்பின் பெயர் கண்ணெதிரே இருந்தது. ஆனால் அப்படி ஒரு கோப்பு இல்லை, பெயரோ இடமோ மாறியிருக்கலாம், சரிபார்க்கவும் என்றது பெட்டி. மறுபடி சொடுக்கினேன். மறுபடி அதே பதில். டீ கிளாஸோடு என் பின்னால் வந்து நின்ற இன்சார்ஜ் அக்கா குனிந்து படித்தார். பெயரின் மேல் விரலை வைத்தார். "இந்தா இருக்கே. இருக்கிறத இல்லேங்குதே இது?" என்றார். அந்தக் குரலில் எரிச்சலைவிடப் பயம் கூடுதலாக இருந்தது. ஒரு கணினிக் கோளாறுக்கு ஒருவர் ஏன் இப்படிப் பயப்பட வேண்டும் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

அவரை எல்லோரும் இன்சார்ஜ் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். கீழ்த்தளத்துக் கடை வங்காளிகூட அப்படித்தான். சென்னையில் தலைமை அலுவலகம் வைத்திருந்த ஒரு தொண்டு அமைப்பின் போர்ட் பிளேர் கிளைக்கு அவர் பொறுப்பு, நான் ஆபரேட்டர். வெளித்தீவுகளில் பெரிய வியாதி வந்து கையைப் பிசைந்துகொண்டிருக்கும் குடும்பங்களுக்கு மெயின்லேண்டு ஆஸ்பத்திரியில் தேதி வாங்கித் தருவது, கப்பலில் இடம் பிடித்துக் கொடுப்பது, சென்னையில் தங்க ஏற்பாடு செய்வது எங்கள் வேலை. எங்களுடையது தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த மீன்பிடிக் குடும்பம்; அப்பாவுக்குப் படகு இருந்தது. அக்கா நிகோபாரில் கட்சால் தீவில் பிறந்தவர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கட்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பம் அவருடையது. அவர் பேச்சில் அந்த மலைநாட்டுத் தமிழ் ஒட்டிக்கொண்டே இருந்தது. முடியாது என்று சொல்ல மாட்டார், ஏலாது என்பார். அப்படி அவர் சொன்னதும் அபூர்வம்.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு எக்செல் கோப்பு. அதற்குப் பெயர் வைப்பதில்தான் அக்கா யாரையும் நம்ப மாட்டார். நோயாளியின் பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், தீவு, குடியிருப்பு, வியாதி, முதலில் வந்த மாதம் எல்லாம் கோப்பின் பெயரிலேயே இருக்க வேண்டும். திறந்து பார்த்தால் உள்ளே இருக்கிறதே அக்கா என்றால் கேட்க மாட்டார். "திறக்காமலே ஆளு யாருன்னு தெரியணும் தங்கச்சி" என்பார். தீவின் பெயரைச் சதுர அடைப்புக்குள் போடும் பழக்கம் ஒன்று வைத்திருந்தார். எக்செல்லுக்கு அந்த அடைப்பு ஆகாது, சண்டை பிடிக்கும் என்று எடுத்துச் சொல்லி அதை மட்டும் விடவைத்தேன். மற்றபடி ஒரு வரி நீளத்துக்குப் போகும் அந்தப் பெயர்களை நான் தினமும் அலுத்துக்கொண்டே தட்டச்சு செய்துவந்தேன்.

அன்று காலை மறுத்தது ஒரு கோப்பு மட்டும் இல்லை. வரிசையாகப் பல கோப்புகள் மறுத்தன. வைரஸாக இருக்குமோ என்று பார்த்தேன். அக்காவின் கணினியில் திறந்து பார்த்தேன், அங்கேயும் அதே பெட்டி. கடைசியில் ஒரு கோப்பை நகல் எடுத்து டெஸ்க்டாப்பில் வைத்துத் திறந்தேன். சட்டென்று திறந்துகொண்டது. அப்போதுதான் பிடிபட்டது. எக்செல் கோப்பின் பெயரை மட்டும் எண்ணுவதில்லை. டிரைவிலிருந்து தொடங்கி, அந்தக் கோப்பு எந்தெந்த ஃபோல்டருக்குள் இருக்கிறதோ அத்தனை ஃபோல்டர்களின் பெயரையும் சேர்த்து எண்ணுகிறது. மொத்தம் இருநூற்றுச் சொச்சம் எழுத்தைத் தாண்டினால் அதற்குக் கண் தெரியாது. முந்தைய வாரம்தான் தலைமை அலுவலகம் எல்லாக் கிளைகளின் கோப்புகளையும் ஆன்லைன் டிரைவ் ஒன்றுக்கு மாற்றியிருந்தது. அமைப்பின் முழுப்பெயர், அதற்குள் திட்டத்தின் பெயர், அதற்குள் மண்டலம், கிளை, நிதியாண்டு, பிரிவு என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டர். அதுவரை தடையில்லாமல் திறந்துகொண்டிருந்த எங்கள் கோப்புகள் அத்தனையும் அதன் அடியில் போய்ச் சிக்கிக்கொண்டன.

மேலே இருக்கிற ஃபோல்டர்களின் பெயரைச் சுருக்கினால் போதும், ஆட்களின் பெயரைத் தொட வேண்டாம் என்று அக்கா சென்னைக்கு எழுதினார். ஃபோல்டர் பெயர்கள் எல்லாக் கிளைக்கும் பொது, மாற்ற முடியாது, உங்கள் கோப்புகளின் பெயரைச் சுருக்குங்கள் என்று பதில் வந்தது. அதை வாசித்துக் காட்டியபோது அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். வெளியே மழை. தன் தம்பியைப் பற்றி என்னிடம் அவர் பேசியது அன்று ஒருநாள்தான்.

சுனாமி வந்தபோது அவர் போர்ட் பிளேரில் படித்துக்கொண்டிருந்தார். அம்மா, அப்பா, தம்பி மூவரும் கட்சாலில். கட்சாலிலிருந்து கப்பலில் கொண்டுவந்தவர்களை ஊருக்குள் முகாம்களில் வைத்திருந்தார்கள். வாசலில் பெயர்களை எழுதி ஒட்டினார்கள். முகாம் முகாமாக அலைந்து ஒரு வாசலில் 'கணேசன், கட்சால்' என்று கண்டார். அது தம்பியின் பெயர். கடைக்கு ஓடிப்போய் அவனுக்கு ஒரு சட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, கூடத்தில் படுத்துக் கிடந்தவர்களுக்கு நடுவே நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். நரைத்த தலையோடு ஒருவர் மெல்ல எழுந்து நின்றார். தன்னைத் தேடியும் யாரோ வந்துவிட்டார்கள் என்று அவர் முகம் அப்படி மலர்ந்ததாம். "ரெண்டு பேருக்கும் என்ன பேசுறதுன்னு தெரியல. சட்டைய அவருக்கே கொடுத்துட்டு வந்துட்டேன்" என்றார் அக்கா. அம்மா, அப்பா, தம்பி மூவரில் ஒருவரின் உடலும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கட்சாலுக்குப் போனதே இல்லை. "தகப்பன் பேரு மட்டும் எழுதியிருந்தா நான் அந்தச் சட்டைய வாங்கியிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

ஆனாலும் சென்னை விடவில்லை. ஒரு டெக்னீஷியனை அனுப்பினார்கள். நல்ல மனிதர், வேலையை முடித்துவிட்டு ராதாநகர் கடற்கரையைப் பார்க்க வேண்டும் என்று ஆசையோடு வந்திருந்தார். ஒவ்வொரு பெயராகச் சுருக்க வாரக்கணக்கில் ஆகும் என்று, எல்லாப் பெயரையும் ஒரே அளவில் வெட்டும் ஒரு புரோகிராமை ஓட்டினார். முதல் சில எழுத்துகள் நிற்கும், மிச்சம் போய்விடும். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் என்ன ஆகும் என்று அக்கா அவரிடம் ஹிந்தியிலும் கேட்டார், தமிழிலும் கேட்டார். அதெல்லாம் சாஃப்ட்வேரே பார்த்துக்கொள்ளும் மேடம் என்றார் அவர். சாஃப்ட்வேர் பார்த்துக்கொண்டது. ஒரே பெயர் வந்த இடத்தில் முதல் கோப்பின் மேல் இரண்டாவதை எழுதிவிட்டது. பெட்டி எதுவும் வரவில்லை. எல்லாக் கோப்பும் திறந்தது. நாங்கள் திறந்து பார்த்தவை எல்லாம் சரியாக இருந்தன. காணாமல் போனவற்றை யாரால் திறந்து பார்க்க முடியும்? அக்கா அன்று டெக்னீஷியனுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார்.

மகேஸ்வரி என்று எங்களிடம் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தெற்கே கேம்பல் பே என்ற ஊரில். கழுத்தில் கட்டி, அவசரமில்லை. இன்னொருவர் கட்சாலில்; இதயத்தில் வால்வு கெட்டுப்போயிருந்தது, ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும். கட்சால் மகேஸ்வரியை நான் பார்த்திருக்கிறேன். ஸ்கேன் எடுப்பதற்காகப் போர்ட் பிளேர் வந்தபோது எங்கள் மாடிப்படியை ஒரே மூச்சில் ஏற முடியாமல் நடுவில் உட்கார்ந்துவிட்டார். அக்கா இறங்கிப்போய் அந்தப் படியிலேயே பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். இரண்டு பேரும் கட்சால் என்பதால் பேச்சு நீண்டது. கிளம்பும்போது அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி நீங்க அலைய வேணாம். தேதி வந்ததும் நாங்களே போன் பண்ணுவோம். போன மட்டும் கையில வச்சிருங்க" என்றார்.

தேதி வந்தது. சென்னையில் ஆஸ்பத்திரிகளோடு பேசும் பெண் மகேஸ்வரி என்று தேடியிருக்கிறாள். ஒரே ஒரு கோப்புதான் வந்தது; அதிலிருந்த எண்ணைக் கூப்பிட்டாள். கேம்பல் பே மகேஸ்வரி சந்தோஷமாகப் பெட்டி கட்டிக்கொண்டு கப்பலேறினார். கப்பலில் இடத்துக்கு ஏற்பாடு செய்ததுகூட நேராகச் சென்னையிலிருந்துதான். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துப் பரிசோதித்த டாக்டர், இந்த அம்மாவின் இதயத்துக்கு ஒன்றுமில்லையே, யாரை அனுப்பியிருக்கிறீர்கள் என்று கேட்டபோதுதான் எங்களுக்குத் தகவல் வந்தது. கட்சால் மகேஸ்வரியின் கோப்பைத் தேடினோம். இல்லை. அக்கா தன் செல்போனில் பழைய எண்ணைத் தேடி எடுத்து விடாமல் அடித்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கடைசியில் கட்சால் பள்ளியில் வேலை செய்யும் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து ஆள் அனுப்பச் சொன்னோம். அவர் திரும்பக் கூப்பிட்டு ஹிந்தியில் ஒரே வாக்கியம் சொன்னார். "வோ தோ குஸர் கயீ, மேடம்." இறந்து சில நாட்களாகியிருந்தன.

சென்னையிலிருந்து மேலாளர் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். நிகோபாரில் நெட்வொர்க் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, தொடர்புகொள்ள இயலவில்லை என்று ரிப்போர்ட் போடுங்கள், குடும்பத்தோடு இப்போது யாரும் பேச வேண்டாம் என்றார். குரலில் கடுமை இல்லை. ஆறுதல் சொல்கிறவர் போலத்தான் பேசினார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அது பொய் சார். என்னால ஏலாது" என்றார். மறுநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, நிகோபார் போவதற்கான பாஸுக்கு வரிசையில் நின்றார். பிறந்த ஊருக்குப் போகத் தன் பிறந்த ஊரின் பெயரை எழுதி அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அவரைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன்.

கப்பலில் அவர் பங்க் படுக்கையில் படுக்கவில்லை. டெக்கில் ஒரு கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்து, தான் சொல்லப்போவதை முணுமுணுத்துப் பார்ப்பதும் தலையை ஆட்டிக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவதுமாக இருந்தார். அருகில் போனால் நிறுத்திவிடுவார். கட்சாலின் படகுத்துறையான ஜெட்டியில் இறங்கியபோது அவர் கை என் முழங்கையைப் பற்றியது. நிலம் காலுக்கடியில் உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பவர்போல் முதல் சில அடிகளை வைத்தார்.

மகேஸ்வரியின் கணவர், வீட்டு முற்றத்தில் தேங்காய் உடைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ரப்பர் தோட்டத்து ஆள். தோட்டம் நின்ற பிறகு கிடைத்த கூலி வேலைக்குப் போய்வந்தார். நாங்கள் யார் என்று சொன்னதும் ஆபீஸிலிருந்து துக்கம் விசாரிக்க வந்திருக்கிறோம் என்று நினைத்து, உள்ளே போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அக்கா உட்காரவில்லை.

"நான் சொல்றத நின்னுக்கிட்டே சொல்றேன்" என்றார். "உங்க வீட்டம்மாவுக்கு ஆஸ்பத்திரியில தேதி வந்துச்சு. அந்த போன் வேற ஒரு மகேஸ்வரிக்குப் போயிருச்சு. எங்க கம்ப்யூட்டர்ல பேர வெட்டும்போது இவங்க ஃபைல் அழிஞ்சிருச்சு. அழிஞ்சத நான் கவனிக்கல. நாங்கதான் விட்டுட்டோம்."

அவருக்கு முதலில் புரியவில்லை. கத்தியைக் கீழே வைத்தார். "தேதி எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். அக்கா சொன்னார். அவர் மனதுக்குள் நாட்களைப் பின்னோக்கி எண்ணுவது முகத்தில் தெரிந்தது.

"அப்ப அவ நடந்துக்கிட்டுதான் இருந்தா" என்றார். பிறகு, எங்களுக்குச் சொல்வதுபோல் இல்லாமல் தொடர்ந்தார்: "தெனம் சாயந்தரம் டவர் மேட்டுக்குப் போவா. இங்க சிக்னல் வராது. மூச்சு வாங்கும். வேணாம்டின்னா கேக்க மாட்டா. போன் ஆயேகா, போன் வரும்னு சொல்லிக்கிட்டே ஏறுவா. அந்தக்கா சொல்லியிருக்காங்க, கட்டாயம் கூப்பிடுவாங்கன்னு."

அந்தக்கா என்பது இவர்தான் என்று அவருக்குத் தெரியுமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அக்கா, "அந்த எடத்த எனக்கு ஒருக்கா காட்டுறீங்களா?" என்று கேட்டார். அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "அங்க உங்களுக்கு என்ன வேல?" என்றார். சத்தம் போடவில்லை. "போங்க. புள்ள ஸ்கூல்ல இருந்து வர்ற நேரம். அவ வர்றதுக்குள்ள போயிருங்க." நாற்காலிகளை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு உள்ளே தூக்கிக்கொண்டு போனார். நாங்கள் வெளியே வந்தோம்.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போர்ட் பிளேர் திரும்பியதும் அக்கா நடந்ததை நடந்தபடியே ரிப்போர்ட்டில் எழுதினார். அடுத்த மாதம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதே ஊரில் குட்வில் எஸ்டேட் பகுதியில் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடும் வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நான் அவரைப் பார்த்துவிட்டு வருவேன். கட்சாலைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. போன மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சொந்தம் என்று வர யாரும் இல்லை; கடை முதலாளியும் நாங்கள் சில பேரும் சேர்ந்து எல்லாம் செய்தோம். நான் இன்னும் அதே மாடியில்தான் வேலை செய்கிறேன். சென்னை இப்போது ஃபோல்டர்களின் பெயரைச் சுருக்கிவிட்டது. பல கிளைகளிலிருந்து புகார் வந்ததாம். ஒரு சுற்றறிக்கையில் முடிந்துபோன வேலை.

அக்காவை நினைத்தால் எனக்கு அலுவலகம் அதிகம் வருவதில்லை. கட்சாலில் அன்று கழிந்த சாயங்காலம்தான் வருகிறது. கப்பல் இருட்டிய பிறகுதான் கிளம்பும் என்றார்கள். அக்கா ஜெட்டியில் நிற்காமல் கரையோரமாக நடந்தார். ஓரிடத்தில் நின்று தண்ணீரைக் காட்டி, "இங்கதான் எங்க லைன் வீடு" என்றார். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த அந்த இடத்தில் கடல்தான் இருந்தது. அலை வந்தபோது நிலமே தாழ்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். பட்டுப்போன மரங்கள் கிளையில்லாமல் வெளுத்துப்போய்த் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தன. கரையில் கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்தார். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதார். யாருக்காக அழுகிறார் என்று நான் கேட்கவில்லை. அவர் அழ வேண்டிய ஆட்கள் நிறைய இருந்தார்கள். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. எழுந்திருக்கச் சொல்லி இரண்டு முறை தோளைத் தொட்டேன். அவர் எழவில்லை.

அப்போது பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மகேஸ்வரியின் கணவர். பின்சீட்டில், பள்ளிச் சீருடையில், இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். அவர் வண்டியை அணைக்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தபடி, "எந்திரிங்க. இருட்டுனா இங்க முதலை கரையேறும்" என்றார். "போன மாசம்கூட ஒரு நாயத் தூக்கிருச்சு."

அக்கா எழுந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் வண்டியைத் திருப்பி, நாங்கள் நடக்கிற வேகத்துக்கே முன்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். அந்த வெளிச்சத்தில் பாதையைப் பார்த்துப் பார்த்து நாங்கள் பின்னால் நடந்தோம். சிறுமி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஜெட்டியின் விளக்கு தெரிந்ததும் அவர் வண்டியைத் திருப்பி, எங்களைக் கடந்து, வந்த வழியே போனார். வண்டிச் சத்தம் தென்னைகளுக்குள் அடங்கும்வரை அக்கா அங்கேயே நின்றார். பிறகு நாங்கள் கப்பலில் ஏறினோம்.